நோய் எதிர்ப்பு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்: எந்த வரியை எப்படிப் படிப்பது?

ஊதாமூடி (இழையைத் தொடங்கியவர்)

"இம்யூனிட்டி டெஸ்ட் எடுத்தேன், எல்லாம் நார்மலா பாருங்க" என்று ரிப்போர்ட்டின் ஒரு பக்கத்தை மட்டும் போடுகிறார்கள். அப்படி ஒரே சோதனை கிடையாது. அந்தப் பெயரில் விற்கும் தொகுப்பைப் பிரித்துப் பார்த்தால் சிபிசி (ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை), சிஆர்பி, வைட்டமின் டி, துத்தநாகம் என்று இருக்கும். இதில் எதிர்ப்பு அணுக்களை எண்ணுவது சிபிசி மட்டுமே. சிஆர்பி உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று சொல்லும். எதிர்ப்புத் திறன் எவ்வளவு என்று சொல்லாது.

ஆகவே சிபிசியிலிருந்தே தொடங்குவோம். பலரும் இடறுவது சதவீதத்தில்தான். இப்படி ஒரு ரிப்போர்ட் வருகிறது என்று வையுங்கள்:

மொத்த வெள்ளணு: மைக்ரோலிட்டருக்கு 3,200
அதில் வகைகள்: நியூட்ரோஃபில் 38%, லிம்போசைட் 52%, மோனோசைட் 7%, ஈசினோஃபில் 3%

லிம்போசைட்டுக்குப் பக்கத்தில் "அதிகம்" என்று சிவப்பில் அச்சாகியிருக்கும். உடனே "லிம்போசைட் ஏறிவிட்டது, வைரஸா, புற்றுநோயா" என்று பயம். கணக்குப் போடுங்கள்: 3,200 × 0.52 = 1,664. பெரியவர்களுக்கு ஏறத்தாழ 1,000 முதல் 4,800 வரை இயல்பு. ஆக, ஏறவே இல்லை. இப்போது நியூட்ரோஃபில்: 3,200 × 0.38 = 1,216. இது பெரியவர்களின் கீழ் எல்லையான 1,500க்குக் கீழே. கவனிக்க வேண்டியது இந்த வரி. சிவப்பு மை காட்டிய வரி வேறு, கோளாறு இருக்கும் வரி வேறு. சதவீதங்கள் எல்லாம் சேர்ந்து நூறுதான் வரவேண்டும்; ஒன்று இறங்கினால் மற்றொன்று ஏறியதுபோலத் தெரியும். தனித்த எண்ணிக்கையைப் பார்க்காமல் பேச்சே வேண்டாம்.

---

ஸ்லைடு_வாசகன்

மேலே சொன்னதோடு சில சேர்க்கைகள்.

நியூட்ரோஃபில் கணக்கில் முதிர்ந்த அணுக்களோடு, முழுதும் முதிராத பேண்ட் அணுக்களையும் கூட்ட வேண்டும். 1,000 முதல் 1,500 வரை லேசான குறைவு, 500 முதல் 1,000 வரை நடுத்தரம், 500க்குக் கீழே கடுமை. 500க்குக் கீழே இருப்பவருக்கு ஒரே முறை 38.3 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் அடித்தாலும், 38 டிகிரி ஒரு மணி நேரம் நின்றாலும் அது அவசர நிலை. எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நேரே மருத்துவமனை, நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக். சீழ் கட்டுவதற்கே நியூட்ரோஃபில் வேண்டும் என்பதால் இவர்களுக்குப் புண்ணில் சீழோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது. காய்ச்சல் ஒன்றுதான் முன்னறிவிப்பு.

மறுபுறம், எண்ணிக்கை 1,000–1,500க்குள் வருடக்கணக்கில் அசையாமல் நின்று, தொற்று எதுவும் வராதவர்களும் உண்டு. சிவப்பணு மேல் டஃபி என்ற புரதம் இல்லாதவர்களுக்கு ரத்தத்தில் சுற்றும் நியூட்ரோஃபில் பிறவியிலேயே குறைவாக இருக்கும். ஆப்பிரிக்க, மத்தியக் கிழக்கு வம்சாவளியினரிடம் இது அதிகம். இது நோயல்ல. தெரியாமல் எலும்பு மஜ்ஜைச் சோதனை வரைக்கும் இழுத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று: எண்ணிக்கை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் ஒரு சாம்பிள் போதாது. 21 நாள் சுழற்சியில் இறங்கும் ஒரு வகை இருக்கிறது. அதைப் பிடிக்க வாரம் இரண்டு மூன்று முறை வீதம் ஆறு வாரம் சிபிசி எடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை எடுத்தால் ஒவ்வொரு தடவையும் இறக்கத்தைத் தவறவிட்டு "நார்மல்" என்றே வரலாம்.

மெஷின் எச்சரிக்கைக் கொடி காட்டியிருந்தால், ரத்தத்தை ஸ்லைடில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உட்கருவுள்ள சிவப்பணுக்களைச் சில மெஷின்கள் வெள்ளணுவாக எண்ணிவிடும். நூறு வெள்ளணுவுக்கு அப்படி 25 இருந்தால், வந்த எண்ணை 100ஆல் பெருக்கி 125ஆல் வகுக்க வேண்டும். 10,000 என்று வந்தது 8,000 ஆகிவிடும். புதிய மெஷின்கள் தாமே திருத்தித் தரும். ரிப்போர்ட்டில் "திருத்தப்பட்டது" என்று இருக்கிறதா பாருங்கள், இரண்டு முறை திருத்திவிடாதீர்கள்.

---

மழைத்தூறல்

ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்கு வெள்ளணு 14,000, நியூட்ரோஃபில் 88%, லிம்போசைட் 6%. இது தொற்றா?

---

ஸ்லைடு_வாசகன்

இந்த எண்களை மட்டும் வைத்துத் தொற்று என்று சொல்ல முடியாது. ஸ்டீராய்டு கொடுத்ததும் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த நியூட்ரோஃபில்கள் கழன்று ஓட்டத்துக்கு வந்துவிடும்; லிம்போசைட்டுகள் மஜ்ஜைக்கும் நிணநீர்த் திசுக்களுக்கும் ஒதுங்கும். லிம்போசைட் 840 என்று வருவது அதனால்தான் இருக்கும். ஒரு டோஸுக்குப் பின் நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் இறக்கம் அதிகம், ஒரு நாளில் பெரும்பாலும் மீண்டுவிடும். மாத்திரை போட்ட நேரத்தையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் சேர்த்துச் சொல்லாத ரிப்போர்ட்டை வைத்து எதிர்ப்புச் சக்தி பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஸ்லைடில் பேண்ட் அணுக்களும் நியூட்ரோஃபிலுக்குள் நச்சுத் துகள்களும் கூடியிருந்தால் தொற்றுப் பக்கம் சாயலாம். ஸ்டீராய்டு காய்ச்சலையும் அமுக்கும், அதனால் ஆளைப் பார்த்துத்தான் முடிவு.

---

தொட்டில்பாட்டு

குழந்தைகளுக்கும் இதே எல்லைகளா? இரண்டு வயதுக்கு லிம்போசைட் 60% என்றால்?

---

ஊதாமூடி

இரண்டு வயதுக்கு 60% இயல்புதான் மேடம். நான்கைந்து வயது வரை லிம்போசைட்தான் முன்னணி; அதன் பிறகு நியூட்ரோஃபில் முந்தும்.

ஆபத்து இதற்கு நேரெதிர்த் திசையில் இருக்கிறது. மூன்று மாதக் கைக்குழந்தைக்கு லிம்போசைட் எண்ணிக்கை 2,000 என்று வருகிறது. ரிப்போர்ட்டில் பெரியவர்களின் எல்லை அச்சாகியிருந்தால் 1,000–4,800க்குள் அடங்கி, எந்த நிறமும் இல்லாமல் கறுப்பு மையில் அமைதியாகக் கிடக்கும். ஆனால் அந்த வயதில் 2,500–3,000க்குக் கீழே என்றால் கடுமையான பிறவி எதிர்ப்புக் குறைபாடு இருக்கிறதா என்று உடனே தேட வேண்டும். வாய்ப்புண் ஆறவில்லை, எடை ஏறவில்லை, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்றால் ஒரு நாளும் தள்ளக் கூடாது. விடை தெரியும் வரை பிசிஜி, ரோட்டா போன்ற உயிருள்ள தடுப்பூசிகளைப் போடாமல் நிறுத்தி வைக்க வேண்டும். எக்ஸ்ரேயில் தைமஸ் (நெஞ்சில் இருக்கும் எதிர்ப்பு உறுப்பு) நிழல் இல்லாததும் ஒரு துப்பு. வயதுக்கேற்ற எல்லை அச்சிடாத லேபில் கைக்குழந்தை ரிப்போர்ட்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்.

---

ஒளிக்கற்றை

அடுத்த படி ஃப்ளோ சைட்டோமெட்ரி. லிம்போசைட் எத்தனை என்று சிபிசி சொல்லும். அவை யார் யார் என்று இது சொல்லும். சிடி3 என்றால் டி செல் மொத்தம், சிடி4 உதவி டி செல், சிடி8 கொல்லும் டி செல், சிடி19 பி செல், சிடி16/56 என்கே செல். பெரியவர்களில் சிடி4 சுமார் 500 முதல் 1,500.

இங்கே சாம்பிள்தான் பாதி வேலை. ஊதா மூடி ஈடிடிஏ டியூபில், குறியிட்ட கோடு வரை நிரப்பி, எட்டு பத்துத் தடவை மெதுவாகத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். குலுக்கக் கூடாது. ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது. சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) சோதனைகளோடு சேர்த்து ஐஸ் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் கோளாறு. அறை வெப்பத்தில் வைத்து, கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள், அதிகம் போனால் 48 மணி நேரத்துக்குள் ஓட்டிவிட வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டியில் கிடந்ததும் கெட்டதுதான்.

எண் எப்படி வருகிறது என்பதையும் பாருங்கள். சில லேப்கள் ஃப்ளோ மெஷினின் சதவீதத்தை எடுத்து சிபிசி எண்ணோடு பெருக்கும். உதாரணம்: வெள்ளணு 5,000, லிம்போசைட் 30%, அதில் சிடி4 40%. 5,000 × 0.30 × 0.40 = 600. மூன்று எண்களில் எது பிசகினாலும் விடை பிசகும். வேறு லேப்கள் எண்ணிக்கை தெரிந்த நுண்மணிகளைச் சாம்பிளோடு கலந்து ஒரே மெஷினில் நேரடியாக எண்ணும். இரண்டு முறைகளின் முடிவையும் பக்கத்தில் வைத்து "குறைந்துவிட்டது" என்று சொல்லக் கூடாது. ஒருவருக்குத் தொடர்ந்து பார்ப்பதானால் ஒரே லேப், ஒரே நேரம். சிடி4 பகலில் தாழ்ந்து மாலை இரவில் உயரும்; காலை ஒன்பதுக்கு எடுத்ததை மாலை ஆறுக்கு எடுத்ததோடு ஒப்பிட்டால் மருந்து வேலை செய்வதுபோல் ஒரு மாயை கிடைக்கும்.

தனித்த எண்ணிக்கையில் சுமார் 30% மாற்றம் இருந்தால்தான் நிஜ மாற்றம் என்று எச்ஐவி சிகிச்சையில் எடுத்துக்கொள்கிறார்கள். 620 இலிருந்து 540 ஆனதற்கு யாரும் தூக்கம் கெடுக்க வேண்டாம்.

---

ஊதாமூடி

@ஒளிக்கற்றை, நான் சதவீதத்தை நம்பாதே என்றேன். சிடி4இல் சதவீதமும் பார்க்க வேண்டுமே, அதையும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் என்னைத்தான் பிடிப்பார்கள்.

---

ஒளிக்கற்றை

சரியான பிடி. சிடி4 சதவீதம் நாளுக்கு நாள் குறைவாகவே ஆடும். தற்காலிகத் தொற்றில் லிம்போசைட் மொத்தமாக இறங்கினால் சிடி4 எண்ணிக்கை விழும், சதவீதம் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். மண்ணீரல் எடுத்தவர்களுக்கு நேர்மாறு: எண்ணிக்கை ஊதிப்பெருகிக் காட்டும், சதவீதம்தான் உண்மை நிலையைச் சொல்லும். எச்ஐவியில் 200க்குக் கீழே போனால் நியூமோசிஸ்டிஸ் நிமோனியா வராமல் தடுக்க கோட்ரைமாக்சசோல் தொடங்குவார்கள்; 14%க்குக் கீழே போனாலும் அதே யோசனை.

ஆனால் இந்த 200 என்ற எல்லையை எச்ஐவி இல்லாதவர்களுக்கு அப்படியே தூக்கிப் பொருத்தாதீர்கள். கடும் காய்ச்சலில் படுத்திருக்கும் யாருக்கும் சிடி4 தற்காலிகமாக விழலாம். எச்ஐவி சோதனை நெகட்டிவ் என்றால், உடம்பு தேறி நான்கு முதல் ஆறு வாரம் கழித்து மறுபடி எடுப்பதே ஒழுங்கான வழி. ஐசியூவில் இருக்கும்போது எடுத்த எதிர்ப்பு பேனல் பெரும்பாலும் குழப்பத்துக்கே உதவும்.

---

அந்திவானம்

எல்லாவற்றையும் எல்லோருக்கும் எடுக்க வேண்டியதில்லை. வரும் தொற்று என்ன என்பதுதான் எந்தச் சோதனை என்று சொல்லும். சைனஸ், காது, நுரையீரலில் திரும்பத் திரும்ப பாக்டீரியாத் தொற்று என்றால் ஆன்டிபாடி பக்கம், அதாவது ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம். வாயில் ஆறாத கேண்டிடா பூஞ்சை, கடும் வைரஸ் தொற்றுகள் என்றால் டி செல். தோலிலும் கல்லீரலிலும் சீழ்க்கட்டி, ஆஸ்பர்ஜிலஸ் பூஞ்சை என்றால் நியூட்ரோஃபில் எத்தனை என்பது மட்டும் போதாது, அவை கொல்கின்றனவா என்று டிஎச்ஆர் சோதனை வேண்டும்; எண்ணிக்கை 6,000 இருந்தும் ஒன்றுகூட வேலை செய்யாத நோய் உண்டு. மெனிங்கோகாக்கல் மூளைக்காய்ச்சல் இரண்டாம் முறை வந்தால் காம்ப்ளிமென்ட், அதாவது கிருமியைத் தாக்கும் ரத்தப் புரதக் கூட்டம். வருடத்தில் மூன்று நான்கு சளி மட்டும் என்றால் ஒன்றும் வேண்டாம்.

இருபது சோதனை ஒன்றாக எடுத்தால், முழு ஆரோக்கியமானவருக்கும் குறைந்தது ஒன்று எல்லை தாண்டி வரும் வாய்ப்பு 64%. ஏனென்றால் "நார்மல்" எல்லையே ஆரோக்கியமானவர்களில் 95% பேரை அடக்கும்படி போட்டது. சோதனைகள் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துப் போட்ட கணக்குத்தான், இருந்தாலும் விஷயம் புரியும்.

---

பொன்னிறச்சீரம்

ஆன்டிபாடிக்கு வருகிறேன். பெரியவர்களுக்குத் தோராயமாக ஐஜிஜி டெசிலிட்டருக்கு 700–1,600 மில்லிகிராம், ஐஜிஏ 70–400, ஐஜிஎம் 40–230. லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். முதலில் அலகைப் பாருங்கள்: சில லேப்கள் லிட்டருக்குக் கிராமில் தரும். 8.2 என்று பார்த்து "820 இருக்க வேண்டியது 8 ஆகிவிட்டதே" என்று பதறியவர்கள் உண்டு. நூறால் பெருக்கினால் 820, அவ்வளவுதான்.

தனியாக ஐஜிஜி எடுக்காதவர்களும் பழைய லிவர் டெஸ்ட் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். மொத்தப் புரதம் 5.8, ஆல்புமின் 4.4 என்றால் கழித்தால் குளோபுலின் 1.4. இயல்பு சுமார் 2 முதல் 3.5. ஆல்புமின் நன்றாக இருந்து குளோபுலின் மட்டும் 2க்குக் கீழே கிடந்தால் ஐஜிஜி குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. பல ரிப்போர்ட்டுகளில் இந்த வரி கீழே ஒதுங்கிக் கிடக்கும், யாரும் பார்ப்பதில்லை. லிவர் டெஸ்ட் என்றாலே எஸ்ஜிபிடி மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது!

ஆல்புமினும் சேர்ந்து இறங்கியிருந்தால் கதை வேறு: புரதம் சிறுநீரகம் வழியாகவோ குடல் வழியாகவோ வெளியே போய்க்கொண்டிருக்கலாம். சிறுநீர்ப் புரதம் பார்க்க வேண்டும். மருந்துகளையும் கேளுங்கள். ரிட்டுக்சிமாப், நீண்டகால ஸ்டீராய்டு, ஃபெனிடாயின், கார்பமசெபின் எல்லாம் ஐஜிஜியைக் குறைக்கக்கூடியவை.

ஐஜிஏ மட்டும் 7க்குக் கீழே, மற்ற இரண்டும் நார்மல் என்றால் நான்கு வயதுக்கு மேல் அதைத் தனித்த ஐஜிஏ குறைபாடு என்பார்கள். பெரும்பாலானோருக்குத் தொந்தரவே இருக்காது. ஒரு பொறி உண்டு: சீலியாக் (கோதுமையின் குளூட்டன் ஒவ்வாத குடல்) நோய்க்குப் பார்க்கும் டிடிஜி சோதனை ஐஜிஏ வகை. உடம்பில் ஐஜிஏவே இல்லாதவருக்கு அது எப்போதும் "நெகட்டிவ்" என்றுதான் வரும். ஐஜிஜி வகைச் சோதனை கேட்க வேண்டும்.

ஐஜிஜி கூடினால் எதிர்ப்புச் சக்தி கூடியதாக அர்த்தமில்லை. நாள்பட்ட தொற்று, கல்லீரல் நோய், தன்னெதிர்ப்பு நோய் என எதிலும் கூடும். ஆன்டிபாடி தயாரிக்கும் செல்களில் ஒரே வகை மட்டும் பெருகியிருக்கிறதா என்று, புரதங்களைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோஃபோரிசிஸ் பார்க்கச் சொல்வார்கள்.

---

மழைத்தூறல்

ஐஜிஜி 780. ஐஜிஜியின் துணைவகைகளில் ஐஜிஜி3 மட்டும் குறைவு. இம்யூனோகுளோபுலின் ஊசி போட வேண்டும் என்கிறார்கள்.

---

அந்திவானம்

துணைவகை எண்ணை மட்டும் வைத்து ஊசி தொடங்குவது எனக்கு ஒப்பவில்லை. ஐஜிஜி3 மொத்தத்தில் பத்துச் சதவீதத்துக்கும் குறைவு. ஆரோக்கியமானவர்களிலும் இது தாழ்ந்திருக்கும். தடுப்பூசிக்கு உடம்பு பதில் சொல்கிறதா என்று பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.

---

பொன்னிறச்சீரம்

பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஆனால் தள்ளியே விடவும் மாட்டேன். ஐஜிஜி2 தாழ்ந்து, திரும்பத் திரும்ப நிமோனியா வருபவருக்கு அது ஒரு துப்பு. தீர்ப்பு தடுப்பூசிப் பதிலில்தான் என்பது சரி.

செய்முறை இதுதான். முதலில் தடுப்பூசிக்கு முன் சீரம். பிறகு டெட்டனஸ், நிமோகாக்கல் பாலிசாக்கரைடு (கிருமியின் மேலுறைச் சர்க்கரை) தடுப்பூசி. நான்கு முதல் எட்டு வாரத்தில் இரண்டாம் சீரம். முதல் சீரத்தை உறையவைத்து, இரண்டையும் ஒரே லேபில் ஒரே ஓட்டத்தில் ஓட்டினால் நல்லது. நிமோகாக்கல் எண்கள் லேபுக்கு லேப் ஒத்துவராது. டெட்டனஸ் தடுப்பூசி, புரதத்துக்கு உடம்பு சொல்லும் பதிலைக் காட்டும்; மில்லிலிட்டருக்கு 0.1 சர்வதேச அலகு பாதுகாப்புக் கோடு. நிமோகாக்கலில் ஒவ்வொரு வகைக்கும் மில்லிலிட்டருக்கு 1.3 மைக்ரோகிராம் என்ற கோட்டை எத்தனை வகைகள் தாண்டின என்று எண்ணுவார்கள். இரண்டு வயதுக்குக் கீழே பாலிசாக்கரைடுக்கு உடம்பு சரியாகப் பதில் சொல்லாது, அதனால் அந்த வயதில் இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை.

மிக முக்கியம்: இம்யூனோகுளோபுலின் ஊசி தொடங்கிவிட்டால் ரிப்போர்ட்டில் தெரிவது ரத்ததானம் செய்தவர்களின் ஐஜிஜி. அதன் அரை ஆயுள் (பாதியாகக் குறையும் காலம்) சுமார் 21 நாள். மாதக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். "முதலில் போட்டுப் பார்ப்போம், பிறகு சோதிப்போம்" என்றால் நோயைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பே போய்விடும். @மழைத்தூறல், இந்தக் கேள்வியைத்தான் மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்: தடுப்பூசிப் பதில் பார்த்தாயிற்றா?

---

தொட்டில்பாட்டு

ஐந்து மாதக் குழந்தைக்கு ஐஜிஜி 300 என்றால் அதுவும் குறைபாடா?

---

பொன்னிறச்சீரம்

அவசியமில்லை. பிறக்கும்போது இருப்பது தாயிடமிருந்து தொப்புள்கொடி வழியாக வந்த ஐஜிஜி. அது கரைய, குழந்தையின் சொந்த உற்பத்தி மெல்ல ஏறும். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் அடிமட்டம். வயதுக்கான எல்லையோடு ஒப்பிடுங்கள். பி செல்லே இல்லாத குழந்தையா என்று சந்தேகம் வந்தால் சிடி19 பாருங்கள். அது தாயிடமிருந்து வராது.

---

கரும்பலகை

காம்ப்ளிமென்ட் வேலை செய்கிறதா என்று பார்க்கும் சிஎச்50 "பூஜ்யம்" என்று வந்திருக்கிறது. காம்ப்ளிமென்ட் புரதங்களான சி3, சி4 இரண்டும் நார்மல். சாம்பிள் கோளாறா, நோயா?

---

ஒளிக்கற்றை

முதலில் சாம்பிளைச் சந்தேகப்படுங்கள். காம்ப்ளிமென்ட் புரதங்கள் அறை வெப்பத்தில் தாமே செலவாகிவிடும். சிபிசிக்கு எடுத்த ஈடிடிஏ டியூபை இதற்குக் கொடுத்தாலும் தவறு. ஈடிடிஏ கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வினையே நடக்காது. ரத்தம் உறைந்ததும் சீரத்தைச் சீக்கிரம் பிரித்து, −70 டிகிரியில் உறையவைத்து, உலர்பனியில் அனுப்ப வேண்டும். ஒருமுறை உருகி மறுபடி உறைந்தால் எண் விழும்.

ஒழுங்காக எடுத்து மறுபடியும் பூஜ்யமே வந்தால் ஏஎச்50 (காம்ப்ளிமென்டின் மாற்றுப் பாதையைப் பார்க்கும் சோதனை) சேர்த்துப் பாருங்கள். சிஎச்50 பூஜ்யம், ஏஎச்50 நார்மல் என்றால் சி1, சி2, சி4 பக்கம். உங்கள் ரிப்போர்ட்டில் சி4 நார்மல் என்பதால் சி2 முதல் சந்தேகம். இரண்டும் பூஜ்யம் என்றால் சி3 அல்லது சி5 முதல் சி8 வரை; உங்களுக்கு சி3 இருக்கிறது, ஆகவே பின்வரிசைப் புரதம் ஏதோ இல்லை. சி9 இல்லாதவர்களுக்கு மட்டும் சிஎச்50 முழுப் பூஜ்யமாகாமல் தாழ்ந்து நிற்கும். பின்வரிசையில் குறை என்று உறுதியானால் மெனிங்கோகாக்கல் தடுப்பூசியில் ஏசிடபிள்யூஒய், பி இரண்டு வகையும் போட வேண்டும். பரம்பரையாக வருவது என்பதால் உடன்பிறந்தவர்களுக்கும் சிஎச்50 எடுத்துவிடுங்கள்.